சிமிட்டாத படம்

ஏணியில் நாலாவது படி ஏறும்போதே பொன்ராஜுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பதினேழு வயதிலிருந்து முப்பது வரைக்கும் ஏலக்காட்டுச் சரிவுகளில் மருந்து பம்பு சுமந்த தோள் அது. வார் அழுத்திய இடத்தில் இன்னும் ஒரு பள்ளம் கிடக்கிறது. மழை பிடித்துவிட்டால் அந்தப் பள்ளத்துக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கும். கையை மேலே தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவன் இப்போது பார்க்கிறதோ கையை மேலே தூக்கியபடியே செய்கிற வேலை. கேமரா மாட்டச் சொல்கிற எவனும் அதை இடுப்பு உயரத்தில் மாட்டச் சொன்னதில்லை.

குமுளியைத் தாண்டி, சக்குபள்ளத்துக்கு மேலே லிபின் முதலாளியின் ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயை டிரையரில் போட்டுக் காயவைத்து, நீள மேசையில் கொட்டி, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிற கட்டிடம். அந்த மேசைக்கு எதிரே சுவரில் உயரமாக இருக்கிற கேமராவைப் பார்க்கத்தான் மூன்றாவது தடவையாகப் பொன்ராஜைக் கூப்பிட்டு விட்டிருந்தார் லிபின். புகார் ஒன்றே ஒன்றுதான். படம் சிமிட்டுகிறது.

பகலில் கரண்ட் இருக்கும்போது சிமிட்டாது. சாயங்காலம் மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்ட உடனே ஆரம்பிக்கும். லிபினின் போனில் பார்த்தால் மேசைக்கு மேல் கறுப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ரெண்டு நிமிடம் பார்த்தால் தலை வலிக்கும்.

பொன்ராஜுக்குக் காரணம் தெரியும். விளக்கு ஒரே சீராக எரிவதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நிஜத்தில் அது நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கித்தான் எரிகிறது. மனுசக் கண் அதைப் பிடிக்காது, கேமரா பிடித்துவிடும். அதனால் நம் ஊர்க் கரண்டுக்கு ஏற்ற மாதிரி கேமராவை ஐம்பது என்று ஒரு கணக்கில் வைப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சிமிட்டல் தெரியாது. பொன்ராஜ் முதல் நாளே ஐம்பதில்தான் வைத்திருந்தான். ஆனால் ஜெனரேட்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தபோது நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலு என்று காட்டியது. ஸ்டோர் சூப்பர்வைசர் சூசையப்பன் டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஆக்சிலேட்டரக் கொஞ்சம் கூட்டி வைங்க. படம் ஆடுது" என்று பொன்ராஜ் கேட்டுப் பார்த்தான்.

"படம் ஆடுனா உனக்குக் கேள்வி. டீசல் எறங்குனா எனக்குல்லாடே கேள்வி. லைட்டு எரியுதா, எரியலையா?"

"எரியுது."

"பொறவு?"

முதலாளியிடமே போனான். இரண்டு வழி சொன்னான். ஒன்று, இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இல்லை, மேசைக்கு மேலே இருக்கிற பன்னிரண்டு விளக்கையும் மாற்றுங்கள். கம்பம் பஜாரில் நடைபாதையில் வாங்கிய விளக்கு, உள்ளே ஒழுங்கான சர்க்யூட் கிடையாது, கரண்ட் எப்படி வருகிறதோ அப்படியே துடிக்கும். நல்ல விளக்கு போட்டால் ஜெனரேட்டர் எப்படி ஓடினாலும் தாங்கும் என்றான். லிபின் விளக்கின் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொன்ராஜே, எனக்கு இந்தக் கணக்கொண்ணும் வேண்டா. படம் சிமிட்டக் கூடாது. அதுக்குத்தான உன்ன வச்சிருக்கு."

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதைச் செய்யத்தான் அன்றைக்கு ஏணி ஏறினான். லென்சைத் துடைத்து, கோணத்தைச் சரி பண்ணிவிட்டு இறங்கி, ஆபீசில் இருந்த, படம் பதிவாகிற பெட்டியில் கேமராவின் ஷட்டரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடிக்கு இறக்கி வைத்தான். அப்படி வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குள் விளக்கு ஏழெட்டுத் தடவை மங்கி எழுந்துவிடும். எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே வெளிச்சமாக விழும். ஜெனரேட்டர் நாற்பதில் ஓடினாலும் சரி, ஐம்பதில் ஓடினாலும் சரி.

பட்டை நின்றுபோனது. திரையில் மேசை குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களுக்கும் கை இல்லை. மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகு புகை. அசையாதது தெளிவாக இருக்கும், வேகமாக அசைவது இழுபட்டுப் போகும். இந்த வழியில் அதுதான் கோளாறு. காய் பொறுக்குகிற கைகளைவிட வேகமாக அந்தக் கட்டிடத்தில் அசைவது எதுவும் இல்லை.

பொன்ராஜ் அதைப் பார்த்தான். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. தோள் வலித்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. லிபின் போனைப் பார்த்து, இதுதான் படம் என்று முதுகில் தட்டி, தன் மச்சானுடைய ரெண்டு ஸ்டோருக்கும் நீயே வந்து போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டார். முகம் தெளிவாகத் தெரிகிறது, முகம் தெரிந்தால் போதாதா என்று பொன்ராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வெளியே வரும்போது ராமுத்தாய் அவனைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பொன்ராஜ் வளர்ந்த வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தவள், இப்போதும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். இருபத்துநாலு வருடமாக இதே தோட்டம். மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கை முஷ்டியால் இடுப்பை ஒரு குத்துக் குத்திவிட்டு மறுபடி காயைப் பொறுக்குவாள். அது அவளுக்கே தெரியாமல் நடக்கிற காரியம்.

"பொன்ராசு, ஒன் டப்பா வந்ததுலருந்து மடி ஒதர்ற வேலை இல்லய்யா. நீ நல்லாருப்ப."

கேமரா வருவதற்கு முன்பு, ஸ்டோரிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணும் வாசலில் நின்று, சூசையப்பன் கண் முன்னால் சேலை மடியையும் முந்தியையும் அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காய் எதுவும் விழவில்லை என்றால் தலையை ஆட்டுவான். மழையோ, உடம்பு சரியில்லையோ, தீட்டோ, எதுவாக இருந்தாலும் உதறித்தான் ஆகவேண்டும். கேமரா போட்ட அன்றைக்கு லிபின் அதை நிறுத்திவிட்டார். மேலே கண் இருக்கிறதே, பிறகு எதற்கு என்றார். அந்த வாரம் முழுக்கப் பெண்கள் நேராக வாசலைத் தாண்டிப் போனார்கள். குருவம்மாள் என்ற ஒருத்தி மட்டும் பழக்கத்தில் நின்று உதறிவிட்டு, எல்லோரும் சிரிக்க, தானும் சிரித்தாளாம். ராமுத்தாய் அதையும் சொல்லிச் சிரித்தாள்.

ஷட்டரை இறக்கிய ஒன்பதாம் நாள் லிபின் ஆபீசுக்கு வரச் சொன்னார்.

பொன்ராஜ் போனபோது சூசையப்பன் சுவரோரம் நின்றிருந்தான். ராமுத்தாய் மேசைக்கு முன்னால், ஈர முந்தியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. பெரிய டிவியில் ஸ்டோர் மேசையின் படம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

டிரையரிலிருந்து எடுத்த கணக்குக்கும் தரம் பிரித்து மூட்டை கட்டிய கணக்குக்கும் இடையில் மூன்று கிலோ குறைகிறது என்று லிபின் சொன்னார். காயைச் சூட்டோடு நிறுத்தால் ஆறின பிறகு எடை இறங்கும். அதை அங்கே யாரும் பேசவில்லை, அப்படி எடை போட்டவன் சூசையப்பன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன் என்றார் லிபின். பார்த்ததில் இது கிடைத்தது என்று ஓடவிட்டார்.

ராமுத்தாயின் முகம் ஒரு மச்சம்கூட விடாமல் தெரிந்தது. காய்க் குவியல் தெரிந்தது. குவியலிலிருந்து ஒரு பச்சை இழுவல் கிளம்பி, வளைந்து, அவள் இடுப்புக்குப் போய்ச் சேலைக்குள் மறைந்தது. கை தெரியவில்லை. பச்சை மட்டும் போனது. லிபின் அடுத்த இடத்தை ஓடவிட்டார். மறுபடி பச்சை கிளம்பி இடுப்புக்குப் போனது. மொத்தம் பதினோரு இடம் குறித்து வைத்திருந்தார்.

பொன்ராஜுக்கு இரண்டாவது இடத்திலேயே புரிந்துவிட்டது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல் ராமுத்தாயின் வலது கையில் ஆறு கிடந்தது. இடுப்பைக் குத்தப் போகிற கை, புகையாக இழுபடுகிறது. கையோடு வளையலும் இழுபடுகிறது. அவன் வைத்த ஷட்டர் அதை ஒரு பிடி ஏலக்காயாக ஆக்கி வைத்திருந்தது.

"பொன்ராஜே, நீதான இத வச்சது. இந்தப் படம் கிளியரா இல்லையா?"

லிபின் சும்மாதான் கேட்டார். சந்தேகத்தோடு கேட்கவில்லை. மச்சான் ஸ்டோருக்கு வாங்கிய கேமராப் பெட்டிகள் வெளியே பொன்ராஜின் ஜீப்பில் இருந்தன. கிளியர் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார். ஷட்டரைச் சொல்ல வேண்டி வரும். தெரிந்தே வைத்தாயா என்று கேட்பார். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் அவன் மனசுக்குள் ஓடியது.

"கிளியராத்தான் சார் இருக்கு."

ராமுத்தாய் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அவ்வளவு பெரிதாக அவள் எங்கேயும் பார்த்ததில்லை. பிறகு பொன்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"பொன்ராசு, அது என்னய்யா பச்சையாப் போகுது?"

அவன் வாயைத் திறப்பதற்குள், இல்லை, திறக்காமல் நின்றதால், சூசையப்பன் பதில் சொன்னான். காய்தான், வேறென்ன பச்சையா இருக்கும் இங்கன.

அன்றைக்கு மடியை உதறச் சொல்லியிருந்தால் உதறிக் காட்டியிருப்பேனே என்று முணுமுணுத்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான் பொன்ராஜின் காதிலிருந்து இன்றுவரைக்கும் இறங்கவில்லை.

"எடுத்ததா எனக்கு நெனப்பில்ல மொதலாளி. ஆனா படத்துல இருக்கிறது நான்தான. டப்பா எதுக்குப் பொய் சொல்லப் போகுது."

லிபின் மலையாளத்தில் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகமாட்டேன், ஒரு வாரத்தில் லயத்தைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடலாம், இத்தனை வருட வேலைக்குச் சர்வீஸ் பணம் என்று எதுவும் கேட்கக்கூடாது என்றார். அவளுக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மகள் மோனிஷா குமுளியில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அம்மா மேல் போலீஸ் கேஸ் என்றால் அந்த வேலையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ராமுத்தாய் தமிழில், எழுத்தெழுத்தாக, தன் பெயரைப் போட்டாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கிறபோது வளையல் தாளில் உரசிச் சத்தம் கேட்டது.

மூன்று நாள் பொன்ராஜ் மச்சான் ஸ்டோரில் ஒயர் இழுத்தான். நாலாவது நாள் காலையில் லயத்தின் முன்னால் ஒரு ஜீப் நின்றதைப் பார்த்தான். கட்டிலைக் கயிறு போட்டு மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிரைண்டர், ரெண்டு இரும்பு டிரங்கு, நாலு சாக்கு. இருபத்துநாலு வருடம் ஒரு ஜீப்பில் முக்கால்வாசிதான் வந்தது. ராமுத்தாய் அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். கம்பத்துக்குப் பக்கத்தில் கூடலூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

அவன் நேராக லிபினிடம் போனான். எல்லாவற்றையும் சொன்னான். ஷட்டர், ஜெனரேட்டர், இழுவல், வளையல். லிபின் நம்பவில்லை. பொன்ராஜ் தன் பையிலிருந்து பச்சை இன்சுலேஷன் டேப்பை எடுத்து வலது மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஸ்டோர் மேசையில் ராமுத்தாய் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தான். வெறுங்கையைக் குவியலிலிருந்து இடுப்புக்குக் கொண்டுபோனான். தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. ஐந்து தடவை செய்தான். சுற்றியிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

லிபின் போனில் அதை ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அதே பச்சை. அதே வளைவு. அவர் முகத்தில் புரிந்துவிட்டது தெரிந்தது. புரியாத மாதிரி அவர் நடிக்கவும் இல்லை.

"இத நீ அன்னிக்குக் காட்டியிருக்கணும்."

"இப்பக் காட்டுறேன்ல சார்."

"இப்ப அவ கையொப்பிட்ட பேப்பர் இருக்கு." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சிமிட்டுனப்போ படம் சரியில்லன்னு சொன்ன. நின்னப்போ சரியாச்சுன்னு சொன்ன. அவ முன்னால கிளியர்னு சொன்ன. இப்ப இல்லங்கிற. இதுல எந்தப் பொன்ராஜ நான் நம்பணும்?"

பொன்ராஜ் தலை குனிந்தபடி டேப்பை உரித்தான். மணிக்கட்டு முடியும் அதோடு வந்தது.

"அவளத் திருப்பிக் கூப்பிட்டா, நாளைக்கு இந்த மேசையில எவ எனக்குப் பயப்படுவா? நீயே சொல்லு."

ஷட்டரையாவது பழையபடி ஏற்றி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இப்போது சிமிட்டவில்லை, அப்படியே இருக்கட்டும். அன்று சாயங்காலத்திலிருந்து மடி உதறுவதும் மறுபடி ஆரம்பித்தது. கேமராவும் இருந்தது. சூசையப்பன் வாசலில் நின்று தலையை ஆட்டினான். பெண்கள் உதறினார்கள். யாருடைய மடியிலிருந்தும் எதுவும் விழவில்லை.

மச்சானுடைய ஸ்டோரிலும் ஜெனரேட்டர்தான். அங்கேயும் இன்ஜினைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். அங்கேயும் கறுப்புப் பட்டை இறங்கியது. விளக்கை மாற்றச் சொல்லிப் பார்த்தான், அவர்களும் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பொன்ராஜ் ரெண்டு நாள் தள்ளிப் போட்டான். மூன்றாவது நாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஷட்டரைப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு இறக்கி வைத்தான். அங்கேயும் பெண்களின் கைகள் புகையாயின. அவர்களில் யார் யார் கையில் என்ன நிறத்தில் வளையல் என்று பார்க்காமல் இருக்க, திரையை அணைத்துவிட்டு எழுந்து வந்தான்.

புரட்டாசி முடிகிற சமயம் மோனிஷா அவனுடைய கேமராக் கடைக்கு வந்தாள். விடுதி யூனிஃபார்மோடு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு நின்றபடியே பேசுகிறேன் என்றாள். கூடலூரிலிருந்து ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளில் அம்மாவை யாரும் ஏற்றுவதில்லை. களவு கேஸ் என்று சூப்பர்வைசர்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டார்கள். லேபர் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறோம், சர்வீஸ் பணத்துக்காக மட்டும் இல்லை, அந்தத் தாளுக்காகவும் என்றாள். கேமரா வைத்தவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால்தான் மனு நிற்கும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். படம் ஏன் இழுபடுகிறது என்றும், அன்றைக்கு அந்த அறையில் என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்றும் அதில் இருக்க வேண்டும்.

"நீங்க டேப்பச் சுத்திக் காட்டுனதக் குருவம்மா சித்தி போன்ல சொன்னாங்க. அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்லண்ணே. அவனுக்கும் பொழப்புன்னு சொல்லுது" என்றாள். "எனக்கு இருக்கு."

எழுதித் தருகிறேன் என்றான் பொன்ராஜ். பன்னிரண்டாம் தேதிக்குள் வேண்டும் என்றாள். தருகிறேன் என்று மறுபடி சொன்னான்.

எழுத உட்கார்ந்தான். நாலு தடவை உட்கார்ந்தான். விளக்கு, ஜெனரேட்டர், ஐம்பது, நாற்பத்துமூன்று, ஷட்டர், எல்லாம் கடகடவென்று வந்துவிட்டது. கை இழுபடும் என்பதும் வந்தது. அதற்கு அடுத்த வரிதான் வரவில்லை. தெரிந்தும் கிளியர் என்று சொன்னேன் என்ற வரி. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்த மலையில் எந்த ஸ்டோர்க்காரன் அவனை ஏணியில் ஏறவிடுவான்? மருந்து பம்பைத் திரும்பச் சுமக்க இந்தத் தோளால் ஆகாது. அந்த வரியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தான். விட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, கேமராக் கம்பெனி கொடுக்கிற கையேடு மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டான்.

பன்னிரண்டாம் தேதி போய்விட்டது. ஆபீசர் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார். அந்த மாதமும் போனது. மோனிஷா ரெண்டு தடவை போன் பண்ணினாள். ஒரு தடவை எடுத்தான், இன்னும் ரெண்டு நாள் என்றான். அடுத்த தடவை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ராமுத்தாய்க்குப் பொன்ராஜ் ஒரு பக்கம் பாக்கி. அந்த வரியோடும் தன் கையெழுத்தோடும் தர வேண்டிய ஒரு பக்கம். அதை அவன் இன்னும் தரவில்லை.